கடன் வாங்கிக் கழித்தல்

விளக்கம் சொல்வது, விமர்சிப்பது, ரசிக்கக் கற்றுக்கொடுப்பது எல்லாம் இரண்டாந்தர மூளைகளுக்கு விதிக்கப்பட்ட காரியங்கள் என்பது ஜி. எச். ஹார்டியின் கட்சி. கணிதவியலாளன் ஒருவன் தன் தரப்பைச் சொல்வதாக 1940-ல் அவர் வெளியிட்ட சிறு புத்தகத்தின் தொடக்கத்திலேயே இந்தத் தீர்ப்பு வந்துவிடுகிறது. தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. கணிதம் செய்ய முடியாமல் கணிதத்தைப் பற்றி எழுத உட்கார்ந்ததே தன் சரிவுக்கு அடையாளம் என்று ஒப்புக்கொள்கிறார். அறுபதைத் தாண்டிய மனிதரின் கசப்பு அதில் இருக்கிறது. ஆனால் கசப்பில் சொன்னது என்பதால் மட்டும் ஒரு கருத்து பொய்யாகிவிடாது.

பி.ஏ. ஆங்கிலம் படித்த நாட்களில், சி. பி. ஸ்நோவின் முன்னுரைக்காக இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். முன்னுரை மறந்துவிட்டது. தீர்ப்பு மறக்கவில்லை. பகலில் வங்கிக் கவுண்டரில் நகைக்கடன் போட்டுவிட்டு, இரவில் பிறர் எழுதிய கவிதைகளைப் பற்றி எழுதுகிறவன் நான். ஆபீசரானால் வெளியூர் மாற்றல் வரும், படிப்பு போய்விடும் என்று பதவி உயர்வுப் பரீட்சையை இரண்டு முறை எழுதாமல் விட்டவன். எதற்காக விட்டேனோ அது இரண்டாந்தரக் காரியம் என்று ஒரு பெரிய மனிதர் சொல்லியிருந்தால், அதை வெறும் கருத்தாக எடுத்துக்கொள்ள எனக்கு முடிவதில்லை.

தமிழில் பிறந்திருந்தால் ஹார்டிக்கு இது இவ்வளவு சுலபமாக வாயில் வந்திராது என்று ஒரு வாதம் செய்யலாம். அடியார்க்கு நல்லார் எடுத்துக் காட்டியதால் மட்டுமே இருந்ததாகத் தெரியவரும் நூல்கள் நம்மிடம் உண்டு. இளம்பூரணரை உரையாசிரியர் என்றே பெயர்போலச் சொல்கிறோம். வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது வக்கீல் வாதம். உரையாசிரியன் இல்லாவிட்டால் மூலம் கெட்டுப்போகும் என்று சொல்லும்போதே, மூலம்தான் எஜமான், உரை வேலைக்காரன் என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது.

ஹார்டியைப் பற்றிப் பேசினால் ராமானுஜன் வராமல் இருக்க முடியாது. எங்கள் பக்கத்துக்காரர் என்று சொல்லிக்கொள்ளவும் ஒரு சாக்கு உண்டு. 1887 டிசம்பர் 22-ல் அவர் பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில். அன்று ஈரோடும் வெள்ளகோவிலும் ஒரே கோயம்புத்தூர் ஜில்லா. கைக்குழந்தையாகவே கும்பகோணம் போய்விட்டவர்மேல் உரிமை கொண்டாட எதுவுமில்லை. என்னை அவரிடம் இழுத்தது மேதைமை அல்ல, குமாஸ்தா உத்தியோகம். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் கோட்டைவிட்டு எஃப்.ஏ. பரீட்சையில் கும்பகோணத்திலும் பிறகு பச்சையப்பன் கல்லூரியிலும் தோற்றவர், 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதும் ஒரு குமாஸ்தாவாகத்தான்.

அதற்கு முன் அவர் டியூஷன் சொல்லிப் பிழைக்கப் பார்த்தார் என்பது அதிகம் பேசப்படாத விஷயம். பி.ஏ. படித்த மாணவர் ஒருவர் அவரிடம் கால்குலஸ் கற்கப் போயிருக்கிறார். ராமானுஜன் முடிவிலியையும் நுண்ணளவுகளையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். பரீட்சைக்கு இது ஆகாது என்று மாணவர் சில வாரங்களில் நின்றுவிட்டார். துறைமுகத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். இரவில் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்காருவார்கள். உன்னுடைய இரண்டு வரிக்கு நடுவே எனக்காகப் பத்து வரியாவது எழுது என்று அவர் கேட்டதாகச் சொல்கிறார்கள். இந்தப் பத்து வரிதான் என் விஷயம். ராமானுஜன் நல்ல டியூஷன் வாத்தியாராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? திருவல்லிக்கேணியில் நாலு பையன்களைத் தேற்றிவிட்டு, வயிற்றுப்பாடு தீர்ந்து, கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதும் அவசரமே இல்லாமல் போயிருக்கலாம். சொல்லிக்கொடுக்கத் தெரியாததே அவரைக் காப்பாற்றியது என்று ஒருவர் வாதித்தால் என்னிடம் சட்டென்று பதில் இல்லை.

ஆனால் ஹார்டி தன் தீர்ப்பைத் தானே மீறினார் என்பதற்குச் சாட்சி உண்டு. அதே 1940-ல் அவருடைய இன்னொரு புத்தகமும் வந்தது. ராமானுஜனின் வாழ்வையும் வேலையையும் ஒட்டிய பன்னிரண்டு விரிவுரைகள். ஒரு கையால் விளக்குகிறவனை இரண்டாந்தரம் என்று எழுதியவர், மறு கையால் இறந்து இருபது வருஷமான நண்பனின் வரிகளுக்கு நடுவே விட்டுப்போன வரிகளை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் முடித்ததும் வேலை முடிந்துவிடவில்லை. ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களிலுள்ள முடிவுகளுக்கு நிரூபணம் தந்து புரூஸ் பெர்ன்ட் ஐந்து தொகுதிகள் கொண்டுவந்தார். முதல் தொகுதி 1985-ல், கடைசி 1998-ல். முத்தியால்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த பி. கே. சீனிவாசன், ராமானுஜனை அறிந்தவர்களின் கடிதங்களையும் நினைவுகளையும் தேடிச் சேர்த்து 1968-ல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். 1993-ல் ராயபுரத்தில் அமைந்த ராமானுஜன் அருங்காட்சியகத்துக்கும் அவர்தான் முதுகெலும்பு. 2005-ல் காலமானார். பிள்ளைகள் கையால் செய்து பார்த்துக் கணக்கைக் கண்டுகொள்ள வேண்டும் என்று கடைசிவரை அலைந்தவர். அவரை ஹார்டியின் ஏணியில் எந்தப் படியில் நிறுத்துவது என்று யோசித்தால், ஏணி தேவைதானா என்றே தோன்றுகிறது.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. என்னை எழுத உட்காரவைத்தது வேறொன்று.

வெள்ளகோவிலில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பையன் இருக்கிறான். பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் கடைசி வருஷம். அப்பா சொந்தமாக நாலு விசைத்தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறவர். பையனுக்கு மூன்று கிறுக்குகள் என்று அவர் என்னிடம் சொன்னார். கோலம் ஒன்று, கோலத்தைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று, சாயங்காலம் ஊர்ப்பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கணக்குச் சொல்லித்தருவது ஒன்று.

கோலத்தை அவன் வாசலில் போடுவதில்லை. ஆம்பளைப் பையன் கோலப்பொடி எடுத்தால் தெருவே சிரிக்கும். கட்டம் போட்ட நோட்டில் போடுகிறான். அம்மாயியிடம் கற்றுக்கொண்ட சிக்குக் கோலங்கள். ஒருநாள் ரசீதுப் பேனாவை வாங்கி என் மேஜையிலேயே விளக்கினான். நீளவாக்கில் நாலு புள்ளி, அகலவாக்கில் மூன்று புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக்கொண்டு குறுக்குமறுக்காக இழுத்துக்கொண்டே போனால், ஒரே இழையில் கோலம் மூடிக்கொள்கிறது. ஆறுக்கு நாலு வைத்தால் ஒரே இழையில் மூடாது. இரண்டு இழை வேண்டும். மூன்றுக்கு மூன்றென்றால் மூன்று. இரண்டு எண்களையும் மீதமில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ அத்தனை இழை. “எங்க அம்மாயிக்குக் கணக்குத் தெரியாதுங்கண்ணா. ஆனா இத்தனை புள்ளி வெச்சா ஒரே இழைல முடியாதுன்னு வெக்கறப்பவே சொல்லிப்போடும்” என்றான்.

இதில் அவன் முதல்வன் அல்ல, அது அவனுக்கும் தெரியும். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்று ஒருவர் இருந்தார். கணித ஆசிரியர், பிறகு புள்ளியியல் துறையை நடத்தியவர். ராணி சிரோமணியோடும் கமலா கிருத்திவாசனோடும் சேர்ந்து கோலத்துக்கு இலக்கண விதிகள் வகுத்து 1974-ல் கட்டுரை எழுதினார். கணிப்பொறியின் வடிவ மொழிகளைப் பற்றிய உலகத்துக்குள் நம் வாசல் கோலம் அப்படித்தான் நுழைந்தது. அதே வருஷம் ஒரு தத்துவப் பேராசிரியரோடும் ஒரு தாவரவியல் ஆசிரியரோடும் சேர்ந்து மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். இதில் எது அவருடைய துறை, எது பொழுதுபோக்கு? பொழுதுபோக்கு என்ற சொல்லே சம்பளப் பட்டியலைப் பார்த்து உண்டாக்கிய சொல் என்று எனக்குப் படுகிறது. சம்பளம் வராத நேரமெல்லாம் போக்கப்படவேண்டிய பொழுது!

பாடம் சொல்லித்தருவது பையனுக்கு அக்காவிடமிருந்து வந்தது. 2021-ல் அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு அவள் தன்னார்வலராகச் சேர்ந்தாள். கல்யாணமாகிப் போனாள். பிள்ளைகள் வழக்கப்படி சாயங்காலம் வந்து நின்றார்கள். இவன் உட்கார்ந்துவிட்டான். இவனுக்கு ஊக்கத்தொகையும் இல்லை, பதிவேடும் இல்லை. தறிக்குடோனுக்கு முன்னால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு கரும்பலகை, பதினாலு பிள்ளைகள். தறிச் சத்தத்தில் கத்திப் பேசிப் பேசி அவன் குரலே மாறிவிட்டது.

நகைக்கடனைத் திருப்பி வைக்க வந்த அன்று அவன் அப்பா கவுண்டரில் நின்றபடியே சொன்னார்: “ஏனுங்க சார், நீங்க சொன்னாக் கேப்பான். மெட்ராசுல ஏதோ பெரிய கணக்குக் காலேஜாமா, அதுக்குப் பரீச்சை எழுதோணும்னு அவனேதான் சொல்றான். அப்பறம் சாயங்காலமானா இந்தப் பசங்களோட கத்திட்டுக் கெடக்கறான். இதுல என்னங்க வருது? ஒரு மாசம் நிறுத்திப்போட்டுப் படிக்கச் சொல்லுங்க.”

சொன்னேன். தயக்கமில்லாமல் சொன்னேன் என்பதை இங்கே பதிவு செய்துவிட வேண்டும். உனக்கு இருப்பது அபூர்வமான ஒன்று, அதை நாலாம் வகுப்புக் கழித்தலில் செலவழிப்பது அதற்குச் செய்யும் துரோகம் என்று பேசினேன். ஹார்டியை எடுத்துப் பேசினேன். எனக்கு எதிராகத் தீர்ப்பெழுதிய மனிதரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றி, இன்னொருவனுக்கு எதிராகப் பேசவைத்தேன். சேவை நல்லதுதான், அது பிறகு செய்ய வேண்டியது என்றேன்.

அவன் பொறுமையாகக் கேட்டான். “சேவைன்னெல்லாம் இல்லீங்கண்ணா. வீட்ல தனியா உக்காந்திருந்தா எனக்கு இதெல்லாம் தோணாதுங்க” என்றான். எதெல்லாம் என்று நான் கேட்கவில்லை. பிறகு, “சரிங்கண்ணா, ஒரு மாசம் நிறுத்திக்கறேன். ஆனா பசங்க வந்துருவாங்க. அந்த ஒரு மாசம் நீங்க எடுத்துருங்க” என்று வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனான். புத்தி சொல்கிறவனுக்கு இப்படி ஒரு பில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாவது நாளே மாட்டிக்கொண்டேன். பலகையில் 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லியிருந்தேன். நான் படித்த மாதிரியேதான் சொன்னேன். இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்து ஐந்திடம் ஒன்று கடன் வாங்கு, இரண்டு பன்னிரண்டாயிற்று, ஐந்து நாலாயிற்று. முன்வரிசையில் ஒரு பெண், எட்டு ஒன்பது வயதிருக்கும், எழுந்து கேட்டாள்: “சார், அஞ்சுகிட்ட வாங்குன கடனை ரெண்டு எப்பங்க திருப்பிக் குடுக்கும்?”

அதெல்லாம் திருப்பித்தர வேண்டியதில்லை, கணக்கில் அப்படித்தான் என்றேன். அவள் உட்காரவில்லை. “எங்கம்மா குழுவுல வாங்குனதுக்கு வாராவாரம் கட்டுதுங்களே” என்றாள். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவள் குறும்புக்குக் கேட்கவில்லை. கடன் என்ற சொல் அவள் வீட்டில் எப்படிப் புழங்குகிறதோ அப்படியே அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள், அது பலகையில் பொருந்தவில்லை. பத்து வருஷமாகக் கடன் போடுவதையே தொழிலாகக் கொண்டவன், சொல்லின் பொருளே தன் விசேஷம் என்று விமர்சனம் எழுதுகிறவன், பதில் தெரியாமல் நின்றேன். இரண்டு தகுதியும் அந்தக் கொட்டகையில் உதவவில்லை.

அன்றிரவு அவனுக்குப் போன் செய்தேன். படிக்க விடவேண்டும் என்று சொன்னவனே கெடுத்தேன். அவன் சிரித்தான். அந்தக் கேள்வி போன வருஷமே வேறொரு பிள்ளையிடமிருந்து வந்ததாம். அவனும் முதலில் முழித்திருக்கிறான். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தானாம்.

“அது கடனே இல்லீங்கண்ணா, சில்லறை மாத்தறது. அஞ்சு பத்து ரூவா நோட்டும் ரெண்டு ஒத்த ரூவாயும் இருக்குது. ஏழு ரூவா குடுக்கோணும்னா ஒரு நோட்டை உடைச்சுத்தான ஆகோணும்? ரெண்டுமே நம்ம பைதான். யாரும் யாருக்கும் கடனாளி இல்லீங்க.” நாள் முழுக்க நான் செய்யும் வேலை! பிறகு அவன் சொன்னதுதான் எனக்குப் புதியது. திருப்பிக் கொடுக்கும் முறையும் ஒன்று உண்டு. மேலே இரண்டுக்குப் பத்துக் கொடுத்துப் பன்னிரண்டாக்கு. ஐந்தைத் தொடாதே. அதற்குப் பதில் கீழேயுள்ள 27-ன் இரண்டை மூன்றாக்கு. பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து, ஐந்தில் மூன்று போனால் இரண்டு. அதே 25. மேலும் கீழும் ஒரே அளவு ஏற்றினால் வித்தியாசம் மாறாது. மேலே வாங்கிய பத்தைக் கீழே கட்டிவிட்டோம். ஐரோப்பியப் பள்ளிகளில் நெடுங்காலம் புழங்கிய முறை இது. கடன் என்ற சொல் அதில்தான் சரியாகப் பொருந்துகிறது. முறை வழக்கொழிந்த இடத்திலும் சொல் மட்டும் தங்கி, வேறொரு முறையின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“ரெண்டு முறையும் போட்டுக் காட்டுனேங்க. பசங்க திருப்பிக் குடுக்கறதுதான் வேணும்ன்றாங்க. அதுலதான் கணக்கு நேரா இருக்குதாமா.”

ஹார்டியின் பிழை எங்கே என்று எனக்குப் புலப்படத் தொடங்கியது அப்போதுதான். அவர் மனத்திலிருந்த விளக்குகிறவன், முடிந்துவிட்ட ஒன்றின் முன்னால் நின்று கையை நீட்டிக் காட்டுகிறவன். அப்படிப்பட்டவர்கள் உண்டு. நம் விமர்சனத்தில் முக்கால்வாசி அப்படித்தான், நான் எழுதியதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் கழித்தல் முடிந்துபோன விஷயம் என்று அந்தப் பையனும் நானும் நம்பிக்கொண்டிருந்ததை அந்தப் பெண்ணின் கேள்வி திறந்துவிட்டது. மூன்று வருஷம் கணிதம் படித்தவனுக்குக் கல்லூரியில் தோன்றாத ஒன்று, தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு குழந்தையின் பிடிவாதத்தால் தோன்றியிருக்கிறது. இதைப் படைப்பு என்பதா விளக்கம் என்பதா? தனியாக உட்கார்ந்தால் தோன்றாது என்று அவன் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் எட்டியது.

இதை வைத்து, பாடம் சொல்லித்தருவது ஆராய்ச்சிக்கு உரம் என்று பிரசாரம் செய்ய நான் வரவில்லை. பல சமயம் அது ஆராய்ச்சியைத் தின்றுவிடும். பதினாலு பிள்ளைகளின் சாயங்காலம் ஒருவனுடைய சாயங்காலமும்கூட. அது திரும்பி வராது. அவன் அப்பாவின் கவலையில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கவலைக்குச் சமாதானமாக ஊரில் சொல்லப்படும் பதில்கள் எனக்குக் கவலையைவிட மோசமாகப் படுகின்றன. ஒன்று, சேவை. வாங்குகிறவனைத் தாழ்த்தி வைத்தால்தான் அந்தச் சொல் நிமிர்ந்து நிற்கும். இன்னொன்று, இந்தப் பிள்ளைகளில் ஒரு ராமானுஜன் இருக்கலாம் என்பது. 2012-லிருந்து டிசம்பர் 22 தேசிய கணித தினமாகிவிட்டதால் வருஷம் தவறாமல் மேடையில் இதைக் கேட்கிறோம். ஒருவன் கிடைப்பதற்காக மற்றப் பதின்மூன்று பேரைச் சல்லடையில் போட்டு ஆட்டுகிற மனோபாவம் இது. கேள்வி கேட்ட பெண் ராமானுஜன் ஆகப்போவதில்லை என்று வைத்துக்கொள்வோம். அவள் கேட்டது அதனால் குறைந்துவிடுமா?

பயன் என்ற பதிலும் எனக்குத் திருப்தி தருவதில்லை. எதற்கும் உதவாதது என்று ஹார்டி பெருமைப்பட்ட எண் கோட்பாடு 1977-க்குப் பிறகு ரகசியக் குறியீட்டுக்குப் பயன்பட்டு, இன்று என் கவுண்டரில் நடக்கும் பணமாற்றத்தையும் காவல் காக்கிறது. அதனால் ஹார்டி தோற்றுவிட்டார் என்று சிலர் கெக்கலிக்கிறார்கள். பயன்படாமலே போயிருந்தால் அவர் வாழ்க்கை வீண் என்பார்களோ?

பழைய தமிழில் கடன் என்றால் கடமையும்தான். திருப்பித் தரவேண்டியதும் செய்தே தீரவேண்டியதும் ஒரே சொல்லில் நிற்கின்றன. அந்த ஒரு மாதத்தில் இதை நான் நிறைய யோசித்தேன். அவன் யாருக்குக் கடன்பட்டிருக்கிறான்? அம்மாயிக்கா, அக்காவுக்கா, நாலு தறியை ஓட்டிப் படிக்கவைத்த அப்பாவுக்கா? தனக்குள் இருக்கும் கணக்குக்கா? நான் அவனுக்குப் புத்தி சொன்னபோது, இவையெல்லாம் தனித்தனிக் கணக்குகள், ஒன்றில் பற்று எழுதினால்தான் இன்னொன்றில் வரவு வரும் என்ற நினைப்பில் சொன்னேன். வங்கிக்காரன் வேறெப்படி நினைப்பான்? அவனோ, ஒரே பையிலுள்ள நோட்டைச் சில்லறை மாற்றுகிறவனாக இருந்திருக்கிறான். சில சமயம் அது உண்மை. எப்போதும் அப்படியிருக்கும் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. மெட்ராசில் அவனுக்கு இடம் கிடைத்தால் தகரக் கொட்டகைக்குப் பூட்டு விழும், அல்லது வேறு யாராவது உட்கார வேண்டும். எந்தச் சில்லறையாலும் அது ஈடாகாது.

பரீட்சை எழுதிவிட்டு வந்தான். முடிவு இன்னும் வரவில்லை. பாதிக்கு மேல் செய்ததாகச் சொன்னான், அவன் கணக்கில் பாதி என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அடுத்த திங்கட்கிழமையே கொட்டகைக்கு வந்துவிட்டான். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். “வியாழக்கெழமை மட்டும் நீங்களே எடுங்கண்ணா, எனக்கு நோட்டுல கொஞ்சம் வேலை இருக்குது” என்றான். கோலம்தான். புள்ளிகளுக்கு நடுவே ஒரு தடுப்பு வைத்தால் இழை எத்தனையாகும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பின்னம் தொடங்கியிருக்கிறோம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று ஏன் வரக்கூடாது, மேலே மேலே கூட்டு, கீழே கீழே கூட்டு, அது தப்பா என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். தப்பு என்று எனக்குத் தெரியும். ஏன் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது என்பது பிடிபடவில்லை. அடுத்த வியாழன் வரை தவணை கேட்டிருக்கிறேன்.